அப்பத்தாவின் கைப்பேசியில் திரைப் பூட்டை நீக்கியது: ஒரு செய்முறைப் பதிவு

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திரைப் பூட்டை நீக்குவது, பழைய பின் எண் தெரிந்திருக்கும் பட்சத்தில், அமைப்புகளுக்குள் நுழைந்து நான்கைந்து இடங்களைத் தொட்டால் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அந்தப் பூட்டை நம்பி உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பதை முதலில் கணக்கெடுத்து, ஒவ்வொன்றையும் அங்கிருந்து அப்புறப்படுத்தியோ வேறு காவலில் வைத்தோ முடித்த பிறகுதான் பூட்டில் கைவைக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்த என் அப்பத்தாவின் கைப்பேசியில் இந்த வேலையைச் செய்தபோது, நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கணக்கெடுப்புக்கே சென்றது. ஆகவே இந்தப் பதிவிலும் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

கைப்பேசி ஆண்ட்ராய்டு 9 பதிப்பில் இயங்குவது. என் தம்பி அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்த காலத்தில் வாங்கிப் பயன்படுத்திவிட்டு, புதியது வந்ததும் அப்படியே அப்பத்தாவின் கையில் கொடுத்தது. வாட்ஸ்அப்பில் மகள்களுடன் காணொலியில் பேசுவது, யூடியூபில் தேவாரம் கேட்பது, கும்பாபிஷேக நேரலை பார்ப்பது ஆகியவைதான் அவருடைய பயன்பாடு. விரல்ரேகை அவருக்கு உதவவில்லை; வயதாக ஆகத் தோல் உலர்ந்து ரேகைகள் தேய்ந்துவிடுவதால் உணரி பெரும்பாலும் ஏற்க மறுக்கும். பேட்டர்ன் வரைய முயன்றால் கை நடுக்கத்தில் கோடு பக்கத்துப் புள்ளிக்குத் தாவிவிடும். பின் எண் நினைவில் இருந்தாலும், தட்டும்போது ஒரே எண் இரண்டு முறை பதிந்துவிடும். தொடர்ந்து ஐந்து முறை தவறினால் முப்பது வினாடி காத்திருக்கச் சொல்லும் அந்த அறிவிப்பைப் பார்த்து, கைப்பேசி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அவர் அதை அலமாரியில் வைத்துவிடுவார். “எந்நேரமும் நீ யாரு, நீ யாருன்னு என்னையவே கேட்டுக்கிட்டு இருக்குப்பா” என்பது அவருடைய புகார்.

பூட்டை முழுவதும் எடுப்பதற்கு முன் இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இல் ஸ்மார்ட் லாக் என்ற பெயரில் அறிமுகமாகி, இப்போது எக்ஸ்டெண்ட் அன்லாக் எனப்படும் வசதி அது; வீட்டை நம்பகமான இடமாகக் குறித்துவிட்டால், அங்கே இருக்கும்வரை கைப்பேசி பின் எண் கேட்காது. மற்றவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். அப்பத்தாவுக்கு இது பொருந்தாததற்குக் காரணம், அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பூட்டு மறைந்து உட்கார்ந்திருப்பதுதான். பேட்டரி தீர்ந்து அணைந்து மீண்டும் இயங்கும் ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்கும். நான்கு மணி நேரம் யாரும் தொடாமல் இருந்தாலும், எதுவும் நடக்காவிட்டாலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, உரியவர்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்பது கைப்பேசித் தயாரிப்பாளர்களுக்கு ஆண்ட்ராய்டு விதிக்கும் நிபந்தனைகளில் ஒன்று. ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வசதி இன்னும் சுருங்கி, திறந்த கைப்பேசியை அதிகபட்சம் நான்கு மணி நேரம் திறந்தபடி வைத்திருப்பதாக மட்டும் மாறிவிட்டது. தினமும் கேட்டால் பழகிப்போகும் ஒன்றை எப்போதாவது கேட்டால், வயதானவர்கள் மறந்தே போவார்கள்.

எனவே முழுமையாக நீக்குவது என்று வீட்டில் பேசி முடிவெடுத்த பின், கணக்கெடுப்பைத் தொடங்கினேன்.

முதலிடத்தில் நின்றது சிம் அட்டை. அப்பத்தாவின் எண், தாத்தாவின் ரயில்வே பணி வழியாக வரும் குடும்ப ஓய்வூதியம் சேரும் வங்கிக் கணக்கில் பதிவானது. ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் எரிவாயு இணைப்பிலும் இருப்பது அதே எண்தான். நவம்பரில் இணையவழி உயிர்வாழ் சான்று எடுக்கும்போது ஓடிபி வருவதும் அதே எண்ணுக்குத்தான். கைப்பேசியில் வங்கிச் செயலி எதுவும் இல்லையே, யுபிஐ இல்லையே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். செயலி இல்லாததால் ஆபத்து குறைவதில்லை. ஓடிபி வந்து சேரும் குறுஞ்செய்திப் பெட்டி திறந்து கிடந்தால், கணக்கு எண்ணும் அட்டை விவரமும் அறிந்த ஒருவருக்குக் கைப்பேசியை இரண்டு நிமிடம் கையில் வாங்குவதே போதுமானது. வீட்டுக்கு வந்துபோகிறவர்களைச் சந்தேகிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பேருந்தில் தவறவிட்டாலும் விளைவு அதேதான்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. வங்கியிலும் ஆதாரிலும் மற்ற இடங்களிலும் பதிவு எண்ணை மாற்றுவது ஒன்று. அதற்கு அப்பத்தாவை ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் அழைத்துச் செல்ல வேண்டும். ஆதார் மையத்தில் மீண்டும் அதே தேய்ந்த விரல்ரேகைச் சிக்கல் காத்திருக்கும். மற்றொன்று, பதிவான எண்ணை எங்கும் மாற்றாமல் அந்த சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் ஃபோனில் போட்டு வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் வைத்துவிட்டு, பூட்டில்லாத கைப்பேசிக்குப் புதிய எண் வாங்குவது. இரண்டாவதையே தேர்ந்தெடுத்தோம். அதே வீட்டில் இருக்கும் சித்தப்பாவிடம் பட்டன் ஃபோன் இருக்கிறது. ரீசார்ஜ் செலவு ஒன்று கூடியது உண்மைதான். ஆனால் உறவினர்கள் பழைய எண்ணுக்கே அழைத்தாலும் எடுத்துப் பேச ஆள் இருக்கிறது. பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யவில்லை. சில சேவைகள் ஓடிபியைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதோடு தொலைபேசி அழைப்பில் வாசித்தும் காட்டுகின்றன. அழைப்பைத் திருப்பினால், கழற்றி எடுத்த ஆபத்து அந்த வழியில் திரும்பி வந்து சேரும்.

சிம்மைப் பற்றிப் பேசும்போது சிம் பின் குறித்தும் ஒரு சொல். கைப்பேசியின் பூட்டும் சிம் அட்டையின் பூட்டும் வெவ்வேறு. சிம் பின் வைத்திருந்தால், அட்டையைக் கழற்றி வேறு கைப்பேசியில் போடுகிறவரால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆனால் கைப்பேசியை அணைத்து இயக்கும் ஒவ்வொரு முறையும் அது கேட்கப்படும்; மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியுகே எண் தேவைப்படும்; அதையும் பத்து முறை தவறாக இட்டால் அட்டையே பயனற்றுப் போகும். ஆகவே அப்பத்தாவின் கைப்பேசியில் அதைப் போடாமல் சித்தப்பாவின் பட்டன் ஃபோனில் மட்டும் போட்டு, சிம் அட்டை வந்த உறையில் அச்சிட்டிருந்த பியுகே எண்ணை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைத்தோம்.

இரண்டாவது கூகுள் கணக்கு. தம்பியின் கணக்கு இன்னும் அதில் உள்நுழைந்த நிலையிலேயே இருந்தது. பூட்டு இருந்தவரை அது வெறும் அலட்சியம். பூட்டை எடுத்த மறுகணம் அவனுடைய மின்னஞ்சல் முழுவதும் யார் கைக்கும் எட்டும். ஒரு மின்னஞ்சல் பெட்டி கைக்கு வந்தால், அதை வைத்து மற்ற தளங்களின் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் இதைக் குறுஞ்செய்திப் பெட்டிக்கு அடுத்த ஆபத்தாகக் கருதுகிறேன். அவனை அழைத்து அவன் கையாலேயே கணக்கை நீக்கச் செய்து, இந்தக் கைப்பேசிக்கென்றே புதிதாக ஒரு கணக்கு தொடங்கினோம். அதில் மின்னஞ்சல் போக்குவரத்து இல்லை, சேமித்த கடவுச்சொல் இல்லை, பணம் செலுத்தும் அட்டை இல்லை. அதன் கடவுச்சொல் சித்தப்பாவிடமும் என்னிடமும் இருக்கிறது. கைப்பேசியில் எங்கும் எழுதி வைக்கவில்லை. கணக்கை மாற்றியதும் யூடியூப் பழைய பரிந்துரைகளையெல்லாம் மறந்துவிட்டது. தேவாரப் பாடல்களை மீண்டும் தேடி எடுத்துத் தொகுத்துக் கொடுக்க நேர்ந்தது தனி வேலை.

வாட்ஸ்அப்பை எண் மாற்றும் வசதி மூலமாகப் புதிய எண்ணுக்கு நகர்த்தினேன். கணக்கு என்ற பகுதிக்குள் இருக்கும் அந்த வசதி உரையாடல்களையும் குழுக்களையும் அப்படியே கொண்டுவருவதோடு, நாம் தெரிவு செய்தால் தெரிந்தவர்களுக்கு எண் மாறியதையும் அறிவிக்கும். அடுத்ததாக இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் ஒன்றை அமைத்தேன். பூட்டில்லாத கைப்பேசியில் வரும் பதிவுக் குறியீட்டை ஒருவர் பார்த்துவிட்டாலும், இந்த ஆறு இலக்கம் இல்லாமல் வேறொரு கைப்பேசியில் அப்பத்தாவின் கணக்கை உடனே திறக்க இயலாது. அந்த எண்ணை வாட்ஸ்அப் அவ்வப்போது நினைவூட்டலாகக் கேட்கும் என்பதை அப்பத்தாவிடம் சொல்லி, அப்போது சித்தப்பாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எஞ்சியிருக்கும் ஓட்டை, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதி. திரைப் பூட்டு உள்ள கைப்பேசியில் புதிய கணினியை இணைக்கும்போது விரல்ரேகையோ பின் எண்ணோ கேட்கப்படும். பூட்டு இல்லாவிட்டால் அந்தத் தடை இல்லை, யாரும் ஒரு கியூஆர் குறியீட்டைக் காட்டி இணைத்துவிடலாம். இதைத் தடுக்க வழி இல்லை, அவ்வப்போது பட்டியலைப் பார்ப்பது மட்டுமே முடியும்.

படங்களைக் கணினிக்கு நகலெடுத்து வைத்தேன். பூட்டில்லாத கைப்பேசியை அமைப்புகளுக்குள் சென்று யாரும் முழுவதுமாக அழித்துவிட முடியும் என்பதால், பேரக்குழந்தைகள் கையில் அது கிடைக்கும் வீட்டில் இந்த நகல் அவசியம்.

இவ்வளவும் முடிந்த பிறகே பூட்டுக்கு வந்தேன். அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் திரைப் பூட்டு இருக்கிறது. சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் இதே பகுதி பூட்டுத் திரை என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அதைத் தொட்டதும் பழைய பின் எண்ணைக் கேட்டது. கொடுத்ததும் ஏதுமில்லை, ஸ்வைப், பேட்டர்ன், பின், கடவுச்சொல் என்ற ஐந்தும் வரிசையாக வந்தன. ஆனால் எனக்கு வேண்டிய முதல் இரண்டும் மங்கலாக இருந்தன; தொட்டால் அசையவில்லை. நிர்வாகியோ, குறியாக்கக் கொள்கையோ (கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் விதி), சான்றுச் சேமிப்பகமோ இதை முடக்கியிருக்கிறது என்ற பொருளில் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. மூன்றில் எது என்று அது சொல்லாது.

தம்பியின் அலுவலக வாழ்க்கையை நினைத்துப் பார்த்ததும் விடை கிடைத்தது. அலுவலக மின்னஞ்சலைக் கைப்பேசியில் சேர்க்கும்போது, இந்தச் சாதனத்தில் பூட்டு கட்டாயம், தொலைந்தால் நாங்களே அழிப்போம் என்ற அதிகாரங்களை அந்தச் செயலி கேட்டுப் பெறும். நாமும் படிக்காமல் ஒப்புக்கொள்வோம். சாதன நிர்வாகி ஆப்ஸ் என்ற பட்டியலைத் திறந்தபோது அந்த மின்னஞ்சல் செயலி அங்கே இயங்கும் நிலையில் இருந்தது. வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தாலும், அது கைப்பேசிக்குள் விட்டுச்சென்ற கட்டுப்பாடு அப்படியே இருந்தது. தம்பியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு அந்த அதிகாரத்தை முடக்கிய பின் செயலியையும் நீக்கினேன். கைப்பேசியைக் கண்டறிய உதவும் கூகுளின் செயலியும் இதே பட்டியலில்தான் இருக்கும். அதில் கைவைக்கக் கூடாது, பின்னால் அது தேவைப்படும்.

திரும்பிச் சென்று பார்த்தால் இரண்டும் இன்னும் மங்கலாகவே இருந்தன. அடுத்த சந்தேகம் சான்றுகள். அலுவலக வைஃபையில் இணைவதற்காக நிறுவிய டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று, குறியாக்கமும் சான்றுகளும் என்ற பகுதியில் பயனர் சான்றுகளின் கீழ் இருந்தது. இத்தகைய சான்றுகளைக் காக்கப் பூட்டு வேண்டும் என்று பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகள் பிடிவாதம் பிடிக்கும். அங்கே சான்றுகள் அனைத்தையும் அழிக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை, நாம் நிறுவிய சான்றிதழ்கள் மட்டுமே போகும். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லோ படங்களோ செயலிகளோ அழியாது. அதைச் செய்த பிறகு முதல் இரண்டு தெரிவுகளும் தெளிவாகத் தெரிந்தன. மூன்றாவது காரணமான குறியாக்கக் கொள்கையைத் தேடும் தேவை எழவில்லை.

ஏதுமில்லை, ஸ்வைப் ஆகிய இரண்டில் எதை எடுப்பது என்பதில் சற்று நின்று யோசித்தேன். ஏதுமில்லை என்றால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியதும் நேராக முகப்புத் திரை வந்துவிடும். ஸ்வைப் என்றால் மணி காட்டும் பூட்டுத் திரை வரும், விரலால் மேலே தள்ளினால் திறக்கும். பாதுகாப்பில் இரண்டும் ஒன்றுதான், அதாவது எதுவும் இல்லை. ஆனால் அப்பத்தா கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொள்பவர். பொத்தான் தானாக அழுந்தித் திரை ஒளிர்ந்தால், முகப்பிலிருந்து யாருக்கேனும் அழைப்பு போய்விடும். கோவையில் இருக்கும் அத்தைக்கு நள்ளிரவில் காணொலி அழைப்பு போவது எல்லோருக்கும் பதற்றம். ஸ்வைப் அதைப் பெருமளவு தடுக்கிறது. தவிர, பூட்டுத் திரையில் ஒரு செய்தி எழுதி வைக்கும் வசதியும் அதில் கிடைக்கிறது. தவறவிட்டால் எடுத்தவர் அழைக்க வேண்டிய சித்தப்பாவின் எண்ணை அங்கே இட்டேன். கை அசைவு மிகக் கடினமாகிவிட்டவர்களுக்கு மட்டும் ஏதுமில்லை என்பதைத் தேர்ந்தெடுப்பேன்.

ஸ்வைப்பைத் தொட்டதும், சாதனப் பாதுகாப்பு அம்சங்கள் இனி வேலை செய்யாது, சேமித்த விரல்ரேகைகளும் நீக்கப்படும் என்று எச்சரித்து ஒப்புதல் கேட்டது. விரல்ரேகைகள் உண்மையிலேயே அழிந்துவிடும்; பின்னால் மனம் மாறிப் பூட்டு வைத்தால் புதிதாகத்தான் பதிய வேண்டும். அதேபோல, திரைப் பூட்டின் பேரில் பாதுகாப்புச் சாவி உருவாக்கி வைத்திருக்கும் செயலிகளில் அந்தச் சாவி நிரந்தரமாகச் செல்லாமல் போகும். வங்கி, பணப் பரிமாற்றச் செயலிகள் பூட்டை நீக்கியதும் மீண்டும் உள்நுழையச் சொல்வதோ, திறக்கவே மறுப்பதோ இதனால்தான். சாதனப் பாதுகாப்பு அம்சங்கள் என்று அது குறிப்பிட்டதில் முக்கியமானது, திருடியவர் கைப்பேசியை அழித்துத் தொடங்கினால் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் காப்பு. ஆண்ட்ராய்டு 5.1இல் வந்த அந்தக் காப்பு திரைப் பூட்டோடு சேர்ந்து இயங்குவது. பூட்டை எடுத்தால் திருடுகிறவருக்கு அந்தக் கைப்பேசி விற்கத் தகுந்த சரக்காகிவிடுகிறது. கோப்புகளின் குறியாக்கம் இருக்கத்தான் செய்யும், ஆனால் அதன் சாவியைக் காக்க நமக்கு மட்டும் தெரிந்த எண் எதுவும் இல்லாததால், கைப்பேசியை இயக்கியதும் அது தானே திறந்துகொள்ளும். விலை குறைந்த பழைய கைப்பேசி என்பதால் இந்த இழப்பை ஏற்றோம். புதிய, விலை உயர்ந்த கைப்பேசியாக இருந்தால் ஏற்றிருக்க மாட்டோம்.

இனித் தொலைந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே சோதித்தும் பார்த்தேன். கூகுளின் கைப்பேசி கண்டறியும் பக்கத்தில் என் கணினியிலிருந்து அப்பத்தாவின் புதிய கணக்கில் நுழைந்து, பாதுகாக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பூட்டே இல்லாத கைப்பேசிக்கு அங்கிருந்தே புதிய கடவுச்சொல் ஒன்றை அமைக்கச் சொன்னது. அமைத்ததும் கைப்பேசி பூட்டிக்கொண்டது. இணைய இணைப்பு இருந்தால் மட்டுமே இது நடக்கும் என்பதால் மொபைல் டேட்டாவை எப்போதும் இயங்கும் நிலையில் விட்டிருக்கிறோம். சோதனைக்குப் பின் பூட்டை மீண்டும் எடுத்தேன். *#06# என்று தட்டினால் வரும், கைப்பேசிக்கே உரிய அடையாள எண்களான ஐஎம்இஐ எண்களையும் அதே கணக்கு நோட்டில் எழுதினோம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் கைப்பேசியை முடக்கக் கோரும்போது அந்த எண் வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பின் எண்ணை மறந்துவிட்ட தம் கைப்பேசியைக் கொண்டுவந்தார். அது வேறு வேலை. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பழைய பின் எண் முதற்படி. மறந்துவிட்டால், உள்ளிருப்பவை அழியும்படி முழுவதும் மீட்டமைப்பது தவிர நேர்வழி இல்லை. ஆண்ட்ராய்டு 4.4 வரை, பேட்டர்னைப் பலமுறை தவறவிட்டால் கூகுள் கணக்கைக் கொடுத்துத் திறக்கும் வழி இருந்தது, 5.0 முதல் அது இல்லை. தரவு அழியாமல் திறந்து தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் இருமுறை யோசிப்பது நல்லது. ஐஃபோனில் முகஅடையாளமும் கடவுக்குறியீடும் என்ற பகுதியிலேயே குறியீட்டை அணைத்துவிடலாம். ஆனால் ஆப்பிள் பேயில் சேர்த்த அட்டைகள் நீங்கிவிடும். iOS 17.3இல் வந்த திருட்டுப் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், பழக்கமில்லாத இடத்தில் இத்தகைய மாற்றங்களுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இப்போது கைப்பேசி அப்பத்தாவின் கட்டிலருகே சார்ஜரில் இருக்கிறது, எடுத்தால் திறக்கிறது. சித்தப்பா அவ்வப்போது அதில் இரண்டு இடங்களை மட்டும் பார்க்கிறார்: வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் காலியாக இருக்கிறதா, புதிதாக ஏதேனும் செயலி நிறுவப்பட்டிருக்கிறதா. அண்மையில் பார்த்தபோது குழந்தைகள் ஏற்றிய கார் பந்தய விளையாட்டு ஒன்று இருந்தது. அப்பத்தா கேட்டுக்கொண்டதால் அதை நீக்கவில்லை.